கார்டில் சுற்றியிருந்த கம்பி

எங்கள் ரம்ப மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. தாடிக்கொம்பில் செல்லம்மாள் அக்கா கட்டிய புது வீட்டில் நானும் என் மனைவியின் அண்ணன் சவரிமுத்துவும் மரவேலை பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். ஓர் அலமாரிக் கதவு மட்டும் பாக்கி. திண்டுக்கல்லில் ஒரு கடையில், கையில் பிடித்து அறுக்கும் ரம்ப மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தேன்.

மச்சான் அதைத் திருப்பிப் பார்த்தார். பிளேடை மூடுகிற கார்டை, இறங்கவிடாமல் யாரோ கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வேலை வேகமாக ஓடும் என்று சில சைட்டுகளில் இப்படிச் செய்வதுண்டு.

“இத வச்சு அறுக்க வேணாம், மாப்ள.”

மல்லிகைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “நாளைக்குச் சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் வாராக அப்பு. ஒரு பலகைதான, அறுத்துட்டுப் போங்களேன்.”

மச்சான் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்பியை அவிழ்த்தார். ஸ்பிரிங்கில் மரத்தூள் அப்பியிருந்தது. கார்டு தானாக வந்து மூடும்வரை பிரஷ் போட்டுத் தேய்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு நான் அறுத்தேன். பலகையின் இரு முனைகளும் ஸ்டூல்கள் மேல் இருந்தன. நடுவில் தாங்கல் இல்லை. முடியப்போகும் நேரத்தில் பலகை தொய்ந்து பிளேடைக் கவ்வியது. மிஷின் பின்பக்கமாக எகிறி என் தொடையில் மோதியது. எகிறியதுமே கார்டு மூடிக்கொண்டதால் பேண்ட் கூடக் கிழியவில்லை.

மச்சான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் காலை அழுத்திப் பார்த்தார். அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“அலமாரிக்குக் கதவு இல்லாட்டி ஒரு சேலையத் தொங்க விட்டுக்கிறேன் அப்பு. ரெண்டு பேரும் செத்த நேரம் உக்காருங்க.”

சாயங்காலம் வீட்டில் நான் நொண்டுவதைப் பார்த்து, என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். “கட்டை இடிச்சிருச்சும்மா” என்று மச்சான் முந்திக்கொண்டார். அவள் அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“இனிமே நான் அறுக்குறேன். நீ பலகையப் பிடி.”

“யார் அறுத்தாலும் பலகை தொய்யும், மச்சான். வெட்டுக்கு ரெண்டு பக்கமும் அடியில கட்டை குடுப்போம். மிஷினுக்கு நேர் பின்னால நிக்காம ஒதுங்கி நிப்போம்.”

“கார்டைக் கட்டவும் விடாதீங்க” என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே செல்லம்மாள் அக்கா அவளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

இன்று வரைக்கும் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் நாங்கள் சுவிட்சைத் தொடுகிறோம்.