மருத மரம் இருந்த இடம்

சனிக்கிழமை காலை 6.20. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். சரவணம்பட்டியில் ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். வௌவால்கள் எங்கே தங்கும் என்று பிள்ளைகளுக்காக ஒரு கட்டுரை பாதி எழுதியிருந்தேன். பாழுங்கிணறு, கோபுரத்து இடுக்கு, பாலத்தின் அடிப்பக்கம், காய்ந்து சுருண்ட வாழை இலை என்று சின்ன வௌவால்கள் மறைவான இடமாகப் பார்த்து ஒண்டிக்கொள்ளும். பெரிய பழந்தின்னி வௌவால் அப்படி ஒளியாது, கூடும் கட்டாது. உயரமான மரத்தில் பட்டப்பகலில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும். மரம் பிடித்துப்போனால் வருடக்கணக்கில் அதை விடாது. இரண்டு வருடம் முன்பு ஆனைமலைக் கோயிலுக்குப் போனபோது, பக்கத்து ஊர் ஆற்றோரம் ஒரு மருத மரம் நிறைய அவற்றைப் பார்த்தேன். மறுபடி பார்த்து எழுதலாம் என்று கிளம்பினேன்.

பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி ஆனைமலை போய்ச் சேர 8.50 ஆகிவிட்டது. மரம் இருக்கும் ஊருக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். நாகராஜ் என்பவரின் ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய் பேசி ஏறினேன். மரத்தைப் பற்றிச் சொன்னதும் வேகத்தைக் குறைத்தார்.

"அத பங்குனியிலயே வெட்டிப்போட்டாங்களேங்க."

வேறு மரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, போகச் சொன்னேன்.

9.20. அதே மரம்தான். அடிக்கட்டை மட்டும் மிச்சமிருந்தது. எதிர் வீட்டு வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சரசு என்று பெயர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். எதற்காக வந்தேன் என்று சொன்னேன். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நாந்தானுங்க டீச்சர் வெட்டச் சொன்னேன்."

அவருக்கு ஒரே மகள். எட்டு வயது. காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் இறந்துவிட்டாள். வௌவாலிடமிருந்து வந்த காய்ச்சல் என்று ஊருக்குள் பேச்சுப் பரவியது. யாரோ செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். இவர் வீடு வீடாகப் போய் அழுதிருக்கிறார். மகள் இறந்த மூன்றாம் நாள் பட்டாசு வெடித்து வௌவால்களை விரட்டிவிட்டு, மரத்தை அறுத்தார்கள். அதற்கும் இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டெங்கு. கொசுவால் வந்தது.

அது வௌவால்கள் குட்டி போட்டிருந்த சமயம். சில வௌவால்கள் மின்கம்பியில் அடிபட்டன. கண்ணெதிரே நடந்ததையெல்லாம் சரசு நின்று பார்த்திருக்கிறார்.

"குட்டிய நெஞ்சோட மூடிப் புடிச்சுக்கிட்டே விழுந்துச்சுங்க. செத்தும் விடல."

அவர் அழவில்லை. என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தப்பிய வௌவால்கள் ஒரு வாரம் வரை சாயங்காலமானால் வந்து, மரம் இருந்த இடத்துக்கு மேலே சுற்றினவாம். பிறகு வரவில்லையாம்.

"அதுகளெல்லாம் எங்கீங்க போயிருக்கும்? நீங்க படிச்சவங்க."

மேற்கே வேறு மரம் கிடைத்திருக்கும் என்றேன். எனக்குத் தெரியாமல் சொல்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாகராஜ் தானாகவே ஆட்டோவை ஆற்றோரமாக விட்டார். மத்தியானம் வரை தேடினோம். பார்த்த இடமெல்லாம் தென்னந்தோப்பு. உயரமாகத் தெரிந்த ஒரு ஆலமரத்தின் அடியில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தோம். காக்கைகள்தான் இருந்தன. திரும்பும்போது பேசிய காசுக்கு மேல் வாங்க அவர் மறுத்துவிட்டார்.

மாலை 6.30. சரவணம்பட்டியில் இறங்கினேன். அந்த ஊரில் ஒரு மரம் போனதை நினைத்து வேகிற ஒருத்தியாவது இருக்கிறாள். எங்கள் ரோட்டை அகலப்படுத்தியபோது புளிய மரங்கள் வரிசையாகப் போயின. தினமும் அவற்றின் நிழலில்தான் பஸ்ஸுக்கு நின்றேன். மேலே என்ன தங்கியிருந்தது என்று ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.