ஷீட் வீட்டுக் கூலர்

நனைந்த மரச்சுருளுக்கு ஒரு மணம் உண்டு. மழைச்சாரல் அடித்த தச்சுப்பட்டறை போல இருக்கும். திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த ஷீட் கூரை வீட்டில், நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடையில், காலையில் கண் விழிக்கும்போதே அந்த மணம்தான் மூக்கில் ஏறும். அம்மா பழையதாக வாங்கி, பின்புற ஜன்னலில் பொருத்தியிருந்த இரும்பு ஏர்கூலரின் மூன்று பக்கங்களிலும் அந்தச் சுருள்தான் அடைத்திருந்தது. நாங்கள் அதைப் "புல்லு" என்போம். கீழ்த்தொட்டித் தண்ணீரைச் சின்ன "பம்பு" ஒன்று மேலே ஏற்றிப் புல்லின்மேல் சொட்டவிடும். வெளிக்காற்று அந்த ஈரத்தில் புகுந்து, குளிர்ந்து, அறைக்குள் வரும்.

அப்பாவுக்காகத்தான் அது வீட்டுக்கு வந்தது. பெயிண்டரான அவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அசையக்கூடாது என்ற டாக்டர் உத்தரவோடு கட்டிலில் கிடந்தார். கூரை பழுக்கக் காய்ந்ததில் முதுகெல்லாம் வேர்க்குரு வெடித்து, படுக்கைப்புண்ணும் தலைகாட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தையல் கடையில் அம்மா வேலை பார்த்ததால்தான் அடுப்பு எரிந்தது.

எங்கள் சொந்த ஊரான வல்லத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைத்திருந்த பெரியப்பா வரும்போதெல்லாம், "என் தம்பிய நெருப்புல வாட்டிக்கினு இருக்கியே சரசு, ஓட்டு ஊடு சும்மாதான் கெடக்குது, ஊருக்கு வந்துடுங்க" என்பார். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர், அதில் பொய்யில்லை. ஆனால் வல்லம் போனால் அம்மாவுக்கு வேலை போய்விடும், என் படிப்பும் அதோடு முடிந்துவிடும். "பொட்டப்புள்ள படிச்சி இன்னா கலெக்டராவா ஆவப்போவுது? மல்லாட்ட பிச்சிக்கினு ஊட்டோட இருக்கட்டும்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கினி நட்சத்திரத்தில் கூலர் படுத்துவிட்டது. விசிறி சுற்றியது, அனல்தான் வந்தது, கூடவே குட்டை நாற்றமும். மெக்கானிக்கோ "சீசன் டைமும்மா, அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டார். இதற்குள் சேதி எப்படியோ வல்லத்துக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா வேனோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வந்ததும் வாசலையும் தெருப்பக்க ஜன்னலையும் சாத்தி, "அனலு உள்ள வருது பாரு. மூட்ட கட்டுங்க, ஜல்தி" என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா மட்டும், "மாமா, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு இருங்க. நான் இத ஒரு வாட்டி தொறந்து பாத்துடறேன்" என்றாள்.

"கரண்டு சாமான்ல பொம்பள கைய வைக்கறதா? எதுனா ஆனா யாரு பதில் சொல்றது?"

"தையல் மிஷின்ல மோட்டார வச்சித்தான் நான் தெனமும் தைக்கறேன், மாமா" என்றபடி அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

தொட்டியை வடித்தோம். பம்பின் வாயில் புல்லும் பாசியும் அடைத்திருந்தன. எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு, மேலே தண்ணீர் பிரித்துவிடும் குழாயின் துளைகளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் மூடியிருந்தது. அம்மா தையல் ஊசியால் அவற்றை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தாள். நான் பம்பைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். புல்லை அலசி அடைத்து, தண்ணீர் ஊற்றி, பிளக்கைச் சொருகியதும் சொட்டுச் சத்தம் கேட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

ஆனால் சற்று நேரத்தில் அறை இட்லிப்பானையாகிவிட்டது. அப்பாவுக்கு நெற்றியில் வேர்வை வழிந்தது. பெரியப்பா, "பேஜாரு புடிச்ச மிஷினு, நான் சொல்லல?" என்று எழுந்தார்.

மழை நாளில் வீட்டுக்குள் கட்டிய கொடியில் துணி காயாமல் புழுங்குவது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே வந்த ஈரக்காற்றுக்கு வெளியேற வழியே இல்லை! ஓடிப்போய் தெருப்பக்க ஜன்னலைத் திறந்தேன்.

"தொறந்தா இருக்கற ஜில்லும் போயிடும், சாத்து!"

"சாத்த மாட்டேன், பெரியப்பா."

அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ஜன்னல் கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் காற்று அப்பாவைத் தடவிக்கொண்டு என் பக்கமாக வெளியே போகத் தொடங்கியது; கட்டிலில் விரித்த துணியின் ஓரம் படபடத்தது.

எல்லோரும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண் திறக்காமலே, "சரசு, காலு குளுருது. போர்வ குடு" என்றார். பிறகு, "அண்ணே, நான் வரல. எம்பொண்ணு படிக்கட்டும்" என்றார்.

பெரியப்பா வாசல் கதவைத் திறந்துகொண்டு வேனுக்கு நடந்தார். அதில் கிடந்த மல்லாட்டை மூட்டை ஒன்றை எங்களுக்காக இறக்கி வைத்துவிட்டு, "புடிவாதம் புடிச்ச கும்பலு" என்று முணுமுணுத்தபடி போனார். அதைப் பட்டமாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

இன்று அந்த ஷீட் வீடு இல்லை. அங்கே செல்போன் கடை இருக்கிறது. பிறகு எழுந்து நடமாடி, பல வருடம் வேலையும் பார்த்த அப்பா இப்போது இல்லை. கூலர் எந்த இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. நான் விழுப்புரத்தில் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்; வீட்டில் ஏசி இருக்கிறது, அதன் ஃபில்டரை நானே கழுவுகிறேன். போன மாதம் சர்வீசுக்கு வந்த ஆள் மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு, "வீட்ல சார் இல்லீங்களா? கொஞ்சம் வெவரமா சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "வெவரமாவே சொல்லுங்க."