நடுவில் இல்லாத கந்தன்

ஏலக்காய் மூட்டையின் நெடியும் எண்ணெய் ஊறிய செம்பின் வாடையும் கலந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்... முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியும் அது மூக்கை விட்டுப் போகவில்லை.

மாசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. (புதன் என்பாள் என் மனைவி. தவறு.)

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் எழுத்தராக இருந்தேன். தோட்டத்துச் சிவன் கோயிலின் சோமாஸ்கந்தர் செப்புச் சிலையைப் பழுதுபார்க்கப் போடிக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு என்னுடையது. சிவனுக்கும் உமைக்கும் நடுவே நிற்கும் கைப்பிடியளவுக் கந்தன் தனி வார்ப்பு. பீடத்துத் துளையில் செருகிய அடிமுளை தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். சிவன் உண்மை, உமை அறிவு, நடுவில் நிற்கும் பிள்ளையே ஆனந்தம் என்று படித்திருந்தேன்.

அப்போது என் மனைவிக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் இருமுறை கலைந்திருந்தது.

ஜீப்பின் பின்புறம் மூட்டைகளுக்கிடையே துணி சுற்றிய சிலையும், தோட்டத்தில் களையெடுக்கும் பேச்சியம்மாளும். முன்னால் நான். வளைவுதோறும் ஓட்டுநர் ராசுவை அதட்டிக்கொண்டே வந்தேன்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுரும் தம்பி!"

அடிவாரத்தில், முந்தலில் பேச்சியம்மாள் இறங்கிக்கொண்டாள்.

போடியில் ஆசாரி துணியை அவிழ்த்தார். சிவன் கையில் மழு இருந்தது, மான் இருந்தது... நடுவில் வெறும் துளை.

எனக்குச் சிலை நினைவில் இல்லை. வீட்டில் இருப்பவள்தான் நினைவில் வந்தாள். அதை வாய்விட்டுச் சொல்லவும் பயம்.

"வண்டியத் திருப்புங்கண்ணே..."

முந்தல் டீக்கடை வாசலில் பேச்சியம்மாள் குந்தியிருந்தாள். சேலை மடிப்பை அவிழ்த்துக் கந்தனை எடுத்தாள்.

"ஆடுச்சு அப்பு. விழுந்துருமேன்னு மடியில கட்டிக்கிட்டேன். எறங்குன பெறகுதான் நெனப்பு வந்துச்சு. கத்துனேன்... நீ அந்தாள வையிற சத்தத்துல கேக்கலயாக்கும்."

"சாமியத் தொடலாமா?" என்று சீறினேன்.

"அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் சேத்து ஆறு கையி. ஒண்ணாச்சும் பிள்ளையப் பிடிச்சிருக்கா? நீயே பாரு!"

வாங்கினேன். கந்தன் அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தான்.

பங்குனி இருபத்தாறு, வெள்ளிக்கிழமை மகள் பிறந்தாள். இடைப்பட்ட முப்பத்தெட்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது சிலை கம்பிக்கதவுக்குள் இருக்கிறது, மேலே கேமரா. பிள்ளையைப் பீடத்தோடு பற்றவைத்துவிட்டார்கள், அசைவதில்லை. பேச்சியம்மாள் போய் ஆறு ஆண்டுகள்... சாலையும் அகலமாகிவிட்டது. போடியில் இருக்கும் எங்களைப் பார்க்க மகள் மூணாற்றிலிருந்து தனியே கார் ஓட்டி வருகிறாள்.

"மெட்டுல இருந்து எறங்குறேன்ப்பா" என்று செய்தி வரும்.

முந்தல் தாண்டிவிட்டேன் என்று அடுத்த செய்தி வரும்வரை நான் நாற்காலியில் உட்காருவதில்லை.