கடைசி வரியிலிருந்து படித்தவர்

அவருடைய கீபோர்டில் 'எண்ட்' பொத்தானின் எழுத்து மட்டும் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. பெங்களூர் தொம்மலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் கம்பெனியில் அவர் டெஸ்டர். நாங்கள் எழுதும் ப்ரோகிராம்களில் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் வேலை. ஆஸ்டின் டவுன்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் எண்ட் பொத்தானைத் தட்டி நேராகக் கடைசி வரிக்குப் போவார். கதைப் புத்தகத்தையும் இப்படித்தான் படிப்பீர்களா என்று நான் சீண்டியிருக்கிறேன்.

நான் அப்போது ஜாவாவில் புலி. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, இன்றும் அப்படித்தான். எழுத்தைக் குழாய் மாதிரி கொண்டுபோகும் ஸ்ட்ரீம்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. எழுத்து வட்டுக்குப் போகிறதா, பிரிண்டருக்கா, இன்னொரு கம்ப்யூட்டருக்கா என்று எழுதுகிறவன் கவலைப்பட வேண்டாம். 'எழுது' என்று சொன்னால் போதும், மற்றதை அந்தந்த ஆப்ஜெக்ட் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு எழுத்துக்கும் வட்டைத் தொட்டால் நேரமாகும் என்பதால் மேலே, எழுத்துகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒரு பஃபரையும் போர்த்தலாம். அத்திபெலேயில் ஓசூருக்கு ஆள் ஏற்றும் வேன் மாதிரி அது. நிறைந்தால்தான் கிளம்பும். கடைசி வேன் நிறையாவிட்டாலும் கிளப்பிவிட, வேலை முடிந்ததும் ஸ்ட்ரீமை மூட வேண்டும். அதை நான் மறந்திருந்தேன்.

ஒரு கண் மருத்துவமனைக்காக எழுதிய ப்ரோகிராம் அது. கண்புரை அறுவைக்குக் காத்திருப்பவர்களை இங்கிலீஷ் அகரவரிசையில் அடுக்கி, அந்த மாதம் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலைக் கொடுக்கும். பட்டியலில் இருந்தால் கடிதம் போகும். இல்லாவிட்டால் இன்னொரு மாதம் பார்வை மங்கலாகவே கிடக்க வேண்டும். முதல் மாதம் அவசரத்தில், அவரிடம் காட்டாமலே அனுப்பிவிட்டேன். இரண்டாம் மாதம்தான் கோப்பு அவரிடம் போனது.

எண்ட் பொத்தானைத் தட்டியவர் திரையை என் பக்கம் திருப்பினார். கடைசி வரி 'வெங்கட' என்று பாதிப் பெயரில் நின்றிருந்தது.

"டேட்டா சரியா வந்திருக்காது," என்றேன்.

"சும்னே மேல நாலு வரி பாத்துட்டு ஓகேன்னுட்டீங்க. இதுக்கப்புறம் இருக்கறவங்க எங்க?" என்றார், கன்னடம் கலந்த தன் தமிழில்.

ப்ரோகிராமைத் திறந்தேன். மூடும் வரி இல்லை. ஒரே வரிதானே, இதோ போட்டுவிடுகிறேன் என்று கையை வைத்தேன்.

"போன மாசம் போன லிஸ்ட்?" என்று கேட்டார்.

அதையும் திறந்தோம். அதுவும் பாதிப் பெயரில்தான் நின்றது. அதற்குப் பின்னால், இங்கிலீஷில் ஒய், இஸட் என்று தொடங்கி வரவேண்டிய எல்லம்மாக்களும் ஜுபேதாக்களும் ஒரு மாதமாகத் தபால்காரரை எதிர்பார்த்திருந்தார்கள். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என் பேரும் ஒய்லதான் ஆரம்பிக்குது. ஸ்கூல்ல இலவச நோட்டு குடுக்கறப்ப என்கிட்ட வர்றதுக்குள்ள தீந்துடும். தீந்துச்சுன்னு டீச்சர்கிட்ட போய்ச் சொல்லவும் ஆள் இருக்காது. எல்லாரும் அவங்கவங்க நோட்டைப் பாத்துட்டிருப்பாங்க," என்றார்.

மேனேஜரிடம் நானே போய்த் தப்பு என்னுடையது என்றேன். மருத்துவமனைக்கும் நானே போன் செய்தேன். விட்டுப்போனவர்களை இந்த மாதமே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள், ஆனால் இடம் குறைவு, பட்டியலின் மேலிருந்துதான் கூப்பிடுவார்களாம்.

இப்போதெல்லாம் ஸ்ட்ரீமைத் தானாகவே மூட ஜாவாவில் வழி வந்துவிட்டது. என் டீமில் இருப்பவர்களுக்கு அந்தத் தப்பைச் செய்யவே வாய்ப்புக் குறைவு. ஆனால் அன்று மூடும் வரியை எழுதிவிட்டு, அவரைக் கேட்காமலே வரிசையையும் தலைகீழாக்கி ஓட்டினேன். கோப்பு திறந்ததும் பழக்கத்தில் அவர் விரல் எண்ட் பொத்தானுக்குப் போயிற்று. "வேணாம், மேலயே பாருங்க," என்றேன். முதல் பக்கம் முழுக்க இஸட்டும் ஒய்யும். ஒவ்வொரு பெயராக, அவசரமே இல்லாமல், வாய்விட்டுப் படித்தார்.