பந்துக்கு அந்தப் பக்கத்து மண்

“மல்லாட்டைய அடிச்சா எண்ணெயாவது வரும். இந்தப் பந்த அடிச்சா இன்னாடி வரும் உனுக்கு?”

நிலக்கடலையோடு ஒப்பிட்டு அத்தை இப்படிக் கேட்டபோது நான் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான்தான். அதற்கு மேல் படிப்பேனா என்பது அந்தக் கோடையில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. உயர்நிலைப் பள்ளி திண்டிவனத்தில் இருந்தது. எங்கள் ஊருக்கு வரும் பேருந்து, ஓட்டுநருக்கு மனம் இருந்தால் நிற்கும். ஊரில் பெண்பிள்ளைகள் எட்டோடு நின்று அம்மாக்களோடு வேலைக்குப் போவது வழக்கம். என்னையும் அப்படியே நிறுத்திவிடலாம் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். லாரிகளில் லோடு ஏற்றப் போகிற அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்தால் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு விடுதி இருந்தது. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சனி ஞாயிறுகளில் கார்களில் வந்து தங்குவார்கள். விடுதிக்குப் பின்னால், முன்பு ஆடு மேய்ந்த கரம்பில், கோல்ஃப் பழகும் மைதானம் போட்டிருந்தார்கள். அங்கே புல் வேலை செய்த பெண்களில் அம்மாவும் உண்டு, அப்பாவின் அக்காவான இந்த அத்தையும் உண்டு.

புல் வேலை என்றால் பெரும்பாலும் ஓட்டை அடைக்கும் வேலை. வந்தவர்கள் இரும்பு முனை கொண்ட மட்டையை ஓங்கி அடிக்கும்போது பந்தோடு சேர்ந்து ஒரு துண்டுப் புல்லும் மண்ணும் பெயர்ந்து போய் விழும். அந்தத் துண்டுக்குப் பெண்கள் ‘தோசை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தோசையைத் தேடி எடுத்து வந்து, பெயர்ந்த இடத்தில் வைத்து, குதிகாலால் மிதித்து, சுற்றிலும் மணலும் எருவும் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். உடைந்துபோன தோசைக்குப் பதிலாகப் புதுப்புல் நட வேண்டும். திங்கட்கிழமைகளில் அம்மா வீட்டுக்கு வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் படுப்பாள். சோறு போட்டுக் கூப்பிட்டாலும், இரு, இரு என்பாள். பிறகு அப்படியே கண் அசந்துவிடுவாள்.

அந்த விடுதியில் ஒரு ஏற்பாடு வந்தது. வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளில் ஒருவருக்குக் கோல்ஃப் கற்றுக்கொடுத்து, திண்டிவனத்துப் பள்ளியில் சேர்த்து, வேனில் கூட்டிப்போய்க் கூட்டிவருவார்கள். பள்ளி முடியும்வரை செலவு அவர்களுடையது. கோடை முழுக்கப் பழகவேண்டும். மே மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார். விருப்பம் தெரிவித்தவர்கள் இரண்டே பேர். நானும், விடுதிச் சமையல்காரர் மகளும். அவளுக்கும் என் வயதுதான். கையும் காலும் உறுதியான பெண்.

கற்றுக்கொடுத்தவரை நாங்கள் கோச் சார் என்போம். சென்னைக்காரர். சனி ஞாயிறுகளில் பணக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய், மற்ற நாட்களில் எங்களைப் பார்த்தாலே கொட்டாவி விடுவார். ஆனாலும் விடாமல் நிற்கவைத்தார்.

முதல் பயிற்சியில் பந்தே கிடையாது. புல்லின் மேல் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போடுவார். கோடுதான் பந்து என்று நினைத்துக்கொள்ளவேண்டும். மட்டையைச் சுழற்றி இறக்கும்போது இரும்பு கோட்டைத் தொட்டு, அதற்கு அந்தப் பக்கத்து மண்ணைப் பெயர்க்கவேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் மண் பெயர்ந்தால் தப்பு. எங்கேயும் பெயராவிட்டாலும் தப்பு. இரண்டாவது பயிற்சியில் பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, துண்டை மடித்து வைப்பார். துண்டில் படாமல் பந்தில் இறங்கவேண்டும். மூன்றாவதில் உடம்புக் கனம் முழுவதையும் இடது காலில் வைத்து, வலது கால் கட்டைவிரலை மட்டும் ஊன்றி அடிக்கவேண்டும். காலையிலும் மாலையிலும் இதே மூன்றுதான். வெயிலில் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து சூடான டயர் வாடை வரும். எத்தனை தடவை சுழற்றினேன் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் சுழற்றிக்கொண்டிருப்பேன்.

“பந்த நீ தூக்காத. கீழ அடி. தூக்குற வேலைய அந்த இரும்பு பாத்துக்கும்” என்பார் கோச் சார். கேட்கக் குழப்பமாக இருக்கும், ஆனால் உண்மை. இரும்பு சாய்வாகச் செய்யப்பட்டது. அது கீழே இறங்கினால்தான் பந்து மேலே ஏறும். சமையல்காரர் மகளுக்கு இது சீக்கிரமே பிடிபட்டது. அவள் ஓங்கி இறக்கினால் தோசை பறக்கும். சில தடவை பந்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே இரும்பு விழும். ஆனால் மே மாதத்துக் காய்ந்த தரையில் அது வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டிவிடும். பந்து எப்படியோ பறந்துவிடும்.

எனக்கு மட்டும் மண் வரவில்லை. இரும்பு தரைக்கு மிக அருகே வரும்போது என் கை தானாக இழுத்துக்கொள்ளும். புல்லை உரசாமல் பந்தை மட்டும் வழித்து எடுப்பேன். பாதி நேரம் அதன் தலையில் பட்டு, பந்து தரையோடு ஓடும். பின்னால் மணல் வாளியோடு அம்மா குந்தியிருப்பது எனக்குத் தெரியும். நான் பெயர்க்கும் ஒவ்வொரு தோசைக்கும் அவள்தான் எழுந்து போய்க் குனியவேண்டும்.

“மண்ணு வரணும்! எங்க மண்ணு? மண்ணு வரலன்னா ஒண்ணும் வராது” என்று கோச் சார் கத்துவார். மைதானம் முழுக்கக் கேட்கும்.

ஒரு மத்தியானம், தண்ணீர்த் தொட்டி நிழலில் சாப்பிடும்போது அம்மா கேட்டாள். “அந்த சாரு இன்னாத்துக்கு உன்னாண்ட மட்டும் கத்திக்கினே இருக்காரு?”

“மண்ணு வரணுமாம்.”

“வந்தா?”

“வந்தா நான் ஒழுங்கா அடிக்கிறேன்னு அர்த்தம்.”

“வரலன்னா?”

“வரலன்னா அந்தப் பொண்ணுதான் பள்ளிக்கூடம் போவும்.”

அத்தை சிரித்தாள். “நாள் பூரா நாங்க பள்ளத்த மூடுறோம். நீ பள்ளம் தோண்ட பரீட்சை எழுதப் போறியா? நல்ல குடும்பம்டி நம்ம குடும்பம்.”

அம்மா சிரிக்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, கட்டைவிரலால் தரையை அழுத்திப் பார்த்தாள். “தர கல்லாட்டம் காஞ்சி கெடக்குது” என்று மட்டும் சொன்னாள்.

தேர்வு நாள் காலையில் மைதானத்துக்குப் போனால், நாங்கள் அடிக்கவேண்டிய வரிசை முழுவதும் சேறாக இருந்தது. மிதித்தால் செருப்புக்குள் தண்ணீர் ஏறியது. சற்றுத் தள்ளியிருந்த புல்லெல்லாம் காய்ந்திருக்க, அந்த ஒரு வரிசையில் மட்டும் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் ஓடியிருக்கிறது. கோச் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று சென்னையிலிருந்து வந்தவரிடம் கேட்டுப் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே தரைதானே சார். ஆரம்பிங்க, நான் மத்தியானம் கடலூர்ல இருக்கணும்” என்றார் வந்தவர்.

சமையல்காரர் மகள் முதலில் நின்றாள். கோச் சார் சொன்னபடி எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். இடது காலில் கனம், கை இறுக்கம், கண் பந்தில். இரும்பு விரல்கடைத் தூரம் பின்னால் இறங்கியது. ஈரத் தரையில் வழுக்குவதற்கு வழியில்லை. அப்படியே புதைந்து நின்றது. ஒரு பெரிய தோசை எழும்பி அவள் பாவாடையில் விழ, பந்து சேறு பூசிக்கொண்டு கால்மாட்டிலேயே கிடந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் புதைந்தது. அவள் அழவில்லை. முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்துத் துடைத்து அடித்தாள்.

பிறகு நான், அதே வரிசையில் தோசை பெயராத இடமாகப் பார்த்து நின்றேன். எனக்குத் தரையைத் தொடப் பயம். அந்தப் பயத்தோடே வழக்கம்போல் பந்தை மட்டும் வழித்தேன். பறந்தது. அடுத்ததும் பறந்தது. ஒன்றிரண்டு தரையோடு ஓடின. மற்றவை நெடுஞ்சாலைப் பக்கத்துச் சவுக்குத் தோப்பைப் பார்த்துப் போயின. தேர்வுக்கு வந்தவர் கோச் சாரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் வந்து கை கொடுத்தார். ஒரு ஆள் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. கோச் சாரும் கை கொடுத்தார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, “நீ இன்னும் மண்ண எடுக்கல, ஞாபகம் வச்சுக்கோ” என்றார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் விடுதி மேலாளர் வந்துவிட்டார். சற்றுத் தள்ளி, தண்ணீர்த் திருகு பக்கத்தில் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, யார் திறந்து விட்டது என்று கேட்டார்.

“நான்தாங்க” என்றாள் அம்மா. “சாயங்காலம் தொறந்தேன். மூட மறந்துட்டேங்க.”

எப்போதும் வாய் ஓயாத அத்தை அன்று பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் நெடுநேரம் பேசினார். எனக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்கு முக்கியமான நாள் என்றுகூட நினைவில்லாமல் ஒருத்தி தண்ணீரைத் திறந்துபோட்டுவிட்டுப் போவாளா? அம்மா மேலாளரைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்தில், என் கால்களைச் சுற்றி ஒரு கீறலும் இல்லாமல் கிடந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெந்துபோன மாதிரி இருந்தது. திட்டு வாங்குகிறவள் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டில், “எனக்குத்தாம்மா கெடச்சிருக்கு” என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “பள்ளமே வுழலியே?” என்றாள்.

விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் கேட்கிறாள் என்று நினைத்து, பள்ளம் முக்கியமில்லை, பந்துதான் முக்கியம் என்று நீளமாக விளக்கினேன். எனக்குப் புரிந்த அளவுக்கு. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

ஜூனில் நான் வேனில் ஏறித் திண்டிவனம் போனேன். அம்மாவைப் புல் வேலையிலிருந்து எடுத்துச் சலவைக் கொட்டகையில் போட்டார்கள். விடுதிப் படுக்கை விரிப்புகளை வெந்நீரில் அலசுகிற இடம். நிழல் வேலைதானே, வெயிலை விட நல்லது என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த ஆவியில் அவள் கைத் தோல் உரிந்து உரிந்து வெளுத்துப்போனது. சமையல்காரர் அடுத்த வருடமே வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். அவர் மகள் பிறகு படித்தாளா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

கல்லூரியில் உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறையில், மல்லாட்டை பிடுங்க ஆள் போதவில்லை என்று அத்தையோடு பக்கத்துக் கொல்லைக்குப் போனேன். முந்தின நாளே மோட்டார் போட்டுக் கொல்லையை நனைத்திருந்தார்கள். பிடுங்குகிற நேரத்தில் எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன்.

“காஞ்ச மண்ணுல இஸ்தா செடி மட்டும் அறுந்துக்கினு வரும், காயெல்லாம் உள்ளியே நின்னுடும். ஒரு தண்ணி காட்டுனா மண்ணோட கொத்தா வரும். உனுக்கும் அப்டித்தான காட்டுனோம், மறந்துட்டியா?” என்றாள்.

“எனக்கா?”

“பின்ன யாருக்கு? மண்ணு வரணும் மண்ணு வரணும்னு அந்த ஆளு கத்திக்கினே கெடந்தாரே. பள்ளம் வுழுந்தாத்தான் பாஸுன்னு நெனச்சோம். புள்ளைக்குக் கையில சத்து இல்ல, தரையாவது எளகட்டும்னு உங்கம்மாதான் தொறந்தா. நான் கொழா புடிச்சேன். பேஜாரு புடிச்ச வேல.” சொல்லிவிட்டு, ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள்.

நான் பெருமையோடு சொல்லிக்கொண்டு திரிந்த வெற்றி அது. எனக்கு உதவ நினைத்து அவர்கள் செய்தது, அவர்கள் நினைத்ததற்கு நேர்மாறாகப் போய், நன்றாகப் பழகிய இன்னொரு பெண்ணைச் சேற்றில் புதைத்து, என்னை மேலே ஏற்றிவிட்டிருக்கிறது. அம்மாவிடம் இதை விளக்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியும். அதான் பாஸாயிட்டியே என்பாள்.

ஆனால் எட்டாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அன்றைக்குப் புரியாமல் போனது இது மட்டுமல்ல. நான் கை குலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா திருகு பக்கத்தில் நின்று என் காலடியில் பள்ளத்தைத் தேடியிருக்கிறாள். பள்ளம் இல்லை. தண்ணீர் விட்டும் மகளுக்கு மண் வரவில்லை, எல்லாம் போய்விட்டது, இனி இவளும் வாளி தூக்க வேண்டியதுதான் என்று நம்பிக்கொண்டே, மறந்துட்டேங்க என்று சொல்லியிருக்கிறாள். தான் ஜெயிக்கவைத்தது தெரியாமல், தோற்றுவிட்டதாக நினைத்து அந்தத் திட்டை முழுவதும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த முகத்தைத்தான் நான் பார்த்தேன்.

இந்த வருடம் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். பள்ளிக்குப் பின் தெருவில் அம்மாவுக்கும் எனக்குமாக வீடு பிடித்துவிட்டேன். போன சனிக்கிழமை நானே விடுதிக்குப் போனேன். மேலாளர் மாறியிருந்தார். யாரும்மா நீங்க என்று கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன், மகள் என்றேன். அவளுடைய சலவைக் கொட்டகைச் சீருடையைத் துவைத்து மடித்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, வெளியே வந்து விழுப்புரம் பேருந்துக்குக் கை காட்டினேன்.