ஞானையா எறங்காத மூணு தீவு

சேலையூர்ல ஞானையாண்ணன தெரியாத புள்ள கெடயாது. தெரிஞ்ச புள்ளைங்க எதுவும் அவர பாத்து சிரிக்காது, அது வேற விஷயம். ஸ்கூல் வேன் ஓட்றாரு. அந்த வேன் ஹாரன அடிச்சார்னா வண்டலூர் ஜூல தூங்கினு கீற சிங்கம் எழுந்து, பல்லு வெளக்கி, பேக் மாட்டிகினு கேட்ல வந்து நிக்கும். அப்டி ஒரு சத்தம். காலைல புள்ளைங்கள இட்டுகினு போவாரு, சாயந்தரம் திருப்பி கொண்டாந்து வுடுவாரு. ரெண்டு வேளையும் அம்மாமாருங்க கைல திட்டு வாங்குவாரு. லேட்டா போனா ஒரு திட்டு. கரெக்டா போனா, "இன்னா இவ்ளோ சீக்கிரம் வந்து உயிர எடுக்கற"ன்னு ரெண்டு திட்டு.

வருசத்துல ஒரே ஒரு நாள் அதே அம்மாங்க அவர பாத்து சிரிப்பாங்க. கேரல் ரவுண்ட்ஸ் அன்னிக்கி. சர்ச்சு பாட்டு கோஷ்டி வூடு வூடா போய் பாடும். முன்னாடி செவப்பு டிரெஸ்ஸு, வெள்ள தாடி, மூஞ்சில பிளாஸ்டிக் மாஸ்க்கு மாட்டிகினு கிறிஸ்மஸ் தாத்தா ஆடிகினு போவாரு. அந்த தாத்தா நம்ம ஞானையாண்ணன்தான். காலைல அவர கண்டபடி திட்டுன அம்மா, புள்ளய தூக்கிகினு ஓடியாந்து, "தாத்தாக்கு கை குடு செல்லம்"னும். மாஸ்க்குக்கு உள்ள யாருன்னு அந்தம்மாக்கு தெரியாது. நான் பக்கத்துல ட்ரம் அடிச்சிகினு போவேன், எனக்கு தெரியும். மாஸ்க்கு சிரிக்கறத வுட மனுசன் ஜாஸ்தியா சிரிச்சிகினு இருப்பாரு.

(நான் அந்த சர்ச்சு இல்ல. அம்மன் கோயில் கூழ் ஊத்தற அன்னிக்கும் நான்தான் ட்ரம்மு. ட்ரம்முக்கு ஏது சாமி.)

அந்த ரவுண்ட்ஸ்ல ஒரு சட்டம் கீது. ஒரு வூட்டக்கூட வுடக்கூடாது. சேர் போட்டு, கேக்கு வெட்டி, டீ கொதிக்க வெச்சி காத்துகினு இருப்பாங்க. எவன் வூட்டயாவது தாண்டி போய்ட்டின்னா செத்த. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் மூஞ்ச அந்தாண்ட திருப்பிகினு போவாங்க. ஒரு தபா மழைல ஒரு வூட்டு வாசல்ல முட்டி வரைக்கும் தண்ணி. கோஷ்டி மொத்தமும் பின்வாங்கிச்சு. அண்ணன் மட்டும் பூட்ஸ கழட்டி கைல புடிச்சிகினு, தாடி நனைய உள்ள போய் ஆடிட்டுதான் வந்தாரு. அந்த வூட்ல ஆளே இல்ல, எல்லாரும் ஊருக்கு போய்ட்டாங்க. நாய்க்கு ஆடிட்டு வந்தாரு.

இந்த வருசம் அந்த டிரெஸ்ஸுக்கே ஆப்பு வந்துச்சி. வெச்சது யாரு? வூட்டுக்குள்ள கீற ஆளு. அண்ணன் சம்சாரம் தபீதாளக்காவோட கூடப்பொறந்த தம்பி, எபி. கோவிலம்பாக்கத்துல ஒரு கூரியர் ஆபீஸ்ல வேல. சர்ச்சு மீட்டிங்ல எழுந்து, "இந்த வாட்டி தாத்தா நான் போட்றேன்"னுட்டான்.

"ஏண்டா மச்சான், என் ஆட்டத்துக்கு இன்னாடா கொறச்ச?"

"அத்தான், போன வருசம் தொப்பைக்கு வெச்ச தலகாணி நழுவி முட்டிக்கு வந்துடுச்சு. தாத்தாக்கு யானக்கால்னு பசங்க அழுவுது."

இளைஞர் சங்கத்து தலைவி கெசியா, நல்ல பொண்ணு, ஆனா இந்த குடும்பத்து சண்டைல தல குடுக்க அதுக்கென்ன கிறுக்கா? "நீங்க ரெண்டு பேரும் வூட்லயே முடிச்சிட்டு வந்து சொல்லுங்க அங்கிள்"னு கழண்டுகிச்சு.

வூட்ல எப்டி முடிக்கறது? கம்ப்யூட்டர் கேம்ல.

ரெண்டு பேருக்கும் அது ஒரு பைத்தியம், ரொம்ப வருசமா. கடல்ல நடக்கற சண்ட. எங்க பாத்தாலும் தண்ணி, நடுநடுல மூக்குத்தி சைஸ்ல தீவு. ஒருத்தர் அமெரிக்கா, ஒருத்தர் ஜப்பான். இவரு கப்பல நவுத்திட்டு அனுப்புவாரு, அவன் பாத்துட்டு அவன் கப்பல நவுத்தி அனுப்புவான். ஒரு ஆட்டம் முடியறதுக்குள்ள எங்க ஏரியால ரோடு போட்டு, அத்த தோண்டி, மறுபடி போட்டுடுவாங்க. காலைல புள்ளைங்கள எறக்கிட்டு வந்தார்னா சாயந்தர ட்ரிப் வரைக்கும் அண்ணனுக்கு ஒரு வேலயும் கெடயாது. மக பிளஸ்ஸி காலேஜ் முடிச்சிட்டு போட்டுட்டுப்போன லேப்டாப்ப தொறந்துகினு உக்காந்தார்னா, தபீதாளக்கா சாப்புட கூப்ட்டாக்கூட, "இரு, குண்டு போட்டுகினு கீறேன்"பாரு.

பந்தயம் இதான். அண்ணன் அமெரிக்கா, எபி ஜப்பான். மேப்போட மூலைல ஒரு பெரிய தீவு, நம்ம தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் மாரி பிளேன் எறங்குற எடம் கீற தீவு. ஆளுக்கு இத்தன தபாதான் நவுத்தலாம்னு ஆட்டத்துல ஒரு கெடு கீது, அது முடியறதுக்குள்ள அத்த அண்ணன் புடிச்சா டிரெஸ்ஸு அவருக்கு. புடிக்கலன்னா எபிக்கு.

தபீதாளக்கா ரெண்டு பேரையும் பாத்து, "யார் போட்டா எனக்கென்ன? தொவைக்கறது நான்தான"ன்னு சொல்லிட்டு குக்கர் விசில எண்ண போய்ட்டாங்க.

ஆட்டம் ஆரம்பிச்சிது. அண்ணன் கைல பிளேன் ஏத்திகினு போற பெரிய கப்பலுங்க, கேரியர்னு பேரு. ஒவ்வொண்ணும் நம்ம கேம்ப் ரோடு நீளத்துக்கு கீது. அத்த வெச்சிகினு நேரா போய் அடிப்பார்னு பாத்தா, மனுசன் மொத தீவுல எறங்கறாரு. சரி. ரெண்டாவது தீவுல எறங்கறாரு. சரி. மூணாவதா ஒரு தீவு, அதுல நாலு தென்ன மரமும் ஒரு நண்டும்தான் கீது, அதுலயும் ஆளுங்கள எறக்கறாரு. கேரியருங்கள கரையோரமா நிறுத்தி, கடைசி சோல்ஜர் எறங்கற வரைக்கும் நவுரமாட்டேங்கறாரு. ஸ்கூல் வேன் புத்தி.

"ண்ணா, அந்த தீவுல இன்னா கீதுன்னு எறங்கற? தாண்டி போய்கினே இரேன்"னு பக்கத்துல உக்காந்துகினு இருந்த நான் சொன்னேன்.

"அன்பு, உனுக்கு அடிக்க மட்டுந்தான் தெரியும். வழில கீற வூட்ட தாண்டி போறதா? அவன் இன்னா நெனைப்பான்?"

"எவன் இன்னா நெனைப்பான்? அங்க எவன் இருந்தாலும் உன் எதிரிண்ணா!"

"எதிரியா இருந்தா இன்னா. காத்துகினு இருப்பான்ல."

அப்பதான் எனக்கு வெளங்கிச்சு. இந்தாளு யுத்தம் பண்ணல. ரவுண்ட்ஸ் போய்கினு கீறாரு.

எபிக்கா இது தெரியாது? அவன் கூரியர் புத்தி. எந்த வூட்ட வேணா தாண்டிட்டு "கதவு பூட்டியிருந்தது"ன்னு போட்டுட்டு போறவன். அத்தான் அடுத்து எந்த தீவுல எறங்குவாருன்னு அவனுக்கு மனப்பாடம். ஒரு நாள் அண்ணனோட கேரியர் ஒண்ணு கரையோரமா நின்னுகினு இருக்கச்சொல்ல, கொசுக்கூட்டம் மாரி பிளேன அனுப்பி முழுவடிச்சிட்டான். ஃபோன் போட்டு, "அத்தான், செவப்பு டிரெஸ்ஸு எனக்கு கொஞ்சம் லூசா இருக்கும், அக்காகிட்ட சொல்லி புடிக்க சொல்லுங்க"ன்னு நக்கல் வேற. அண்ணன் அன்னிக்கி சோறே துன்னல. சரி, ரெண்டே தட்டு துன்னாரு. அவருக்கு அது பட்டினி.

நவம்பர் வந்துச்சி. மழ. கேம்ப் ரோட்ல படகு வுட்டா பசிபிக் வரைக்கும் போயிடலாம், அவ்ளோ தண்ணி. ஆட்டத்துலயும் கெடு நெருங்கிச்சு. பெரிய தீவுக்கு முன்னாடி மூணு குட்டி தீவு வரிசையா நிக்குது. மூணுலயும் எறங்கிட்டு போனா கெடு முடிஞ்சிடும், டிரெஸ்ஸு எபிக்கு. மூணையும் வுட்டுட்டு, தெக்கால சுத்திகினு நேரா பெரிய தீவுக்கு போனாதான் வழி.

"போண்ணா! இன்னா யோசன?"

அவரு மேப்பையே பாத்துகினு இருந்தாரு. "நீயே சொல்லு அன்பு. மூணு வூட்ட தாண்டி போய் வாங்குன டிரெஸ்ஸ போட்டுகினு நான் எப்டி போய் ஒரு வாசல்ல ஆடறது?"

எனக்கு சிரிப்பு முட்டிகினு வந்துச்சி. ஆனா அவரு மூஞ்சி சிரிக்கற மாரி இல்ல. ஒரு வாரம் மௌச தொடல. எபி தெனம், "இன்னா அத்தான், பேட்டரி போச்சா?"ன்னு மெசேஜ் போட்டுகினே இருந்தான்.

அப்பால ஒரு நாள் காலைல, மழைல ட்ரிப் போச்சொல்ல, ஒரு பள்ளத்துல வேன் எறங்கி, ஜென்சின்னு ஒரு அம்மா மேல சேறு அடிச்சிடுச்சு. ஆபீஸ் கெளம்புன பொம்பள, மொடமொடன்னு கஞ்சி போட்ட காட்டன் பொடவ. "யோவ்! கண்ணு தெரியாத ஆளுக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்? உன் மூஞ்சிய பாத்துட்டு போனாலே அந்த நாள் வெளங்காது!"ன்னு தெருவே வேடிக்க பாக்க கிழிச்சிடுச்சு. இவரு, "சாரி மேடம், சாரி மேடம்"னு ஸ்டீரிங்க பாத்துகினு சொல்லிகினு இருந்தாரு. போன டிசம்பர்ல அதே ஜென்சி, "தாத்தா கூட ஒரு செல்ஃபி"ன்னு அவரு தோள்ல கை போட்டுகினு நின்னுச்சு. ஃபோட்டோ எடுத்ததே நான்தான்.

வூட்டுக்கு வந்தாரு. காக்கி சட்டய கூட கழட்டல. லேப்டாப்ப தொறந்தாரு. மிச்சம் கீற கேரியர் எல்லாத்தையும் ஒண்ணா சேத்தாரு. தெக்கால சுத்தி வுட்டாரு. கண்ண மூடிகினு பட்டன அமுக்கினாரு.

"மன்னிச்சிக்கோங்கப்பா"ன்னு அந்த மூணு தீவ பாத்து சொன்னாரு. சத்தியமா சொன்னாரு, நான் கேட்டேன்.

பெரிய தீவுல காவலுக்கு யார் இருந்தா? ஒரு சமையல்காரனும் ரெண்டு பீரங்கியும். அவ்ளோதான். அண்ணனோட ஆளுங்க நடந்து போய் கொடி நட்டாங்க. எபி ஃபோன்ல கத்துன கத்துக்கு கோவிலம்பாக்கத்துலருந்து ஃபோனே இல்லாம கேட்டுருக்கும்.

"அத்தான்! நீங்க எப்டி தாண்டலாம்? எல்லா பிளேனையும் அந்த மூணு தீவுல கொண்டாந்து வெச்சிகினு உங்களுக்காக காத்துகினு இருந்தேன்! நீங்க போன வழிக்கு எண்ணெ பத்தாம பறக்கவே முடியல! நீங்க தாண்ட மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியுமே!"

"தெரியும்ல மச்சான்," அண்ணன் மெதுவா சொன்னாரு. "அதான் எனக்கும் கஷ்டமா கீது."

ஜெயிச்சவன் குதிக்கணுமா இல்லியா? இவரு குதிக்கல. ரவுண்ட்ஸ் ஞாயித்துக்கெழம மத்தியானம் சர்ச்சு வாசல்ல கோஷ்டி ரெடி, வேன் ரெடி, ட்ரம்மு ரெடி. தாத்தா டிரெஸ்ஸு போட்டுகினு, தலகாணிய கயித்துல இறுக்கி கட்டிகினு, மாஸ்க்க மட்டும் மடில வெச்சிகினு வேன் முன் சீட்ல உக்காந்து லேப்டாப்ப தொறந்து வெச்சிருக்காரு. பக்கத்துல எபி, முட்டாய் மூட்டைய தூக்கிகினு, மொறச்சிகினு.

"அத்தான், ஆட்டம் முடிஞ்சிடுச்சு. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"உனுக்கு முடிஞ்சிடுச்சு. எனக்கு மூணு வூடு பாக்கி கீது. நீ உன் ஃபோன்ல ஆடு."

கெசியா வந்து, "அங்கிள், மொத வூட்ல டீ ஆறுது"ன்னுது. "இதோம்மா, ரெண்டு தீவு முடிஞ்சிடுச்சு"ன்னாரு.

மூணாவது தீவாண்ட கேரியர கொண்டு போய் கரையோரமா நிறுத்தினாரு. வழக்கம் போல, கடைசி ஆளு எறங்கற வரைக்கும். எபி சும்மா இருப்பானா? அங்க சும்மா கெடந்த பிளேன் அத்தனையும் கெளப்பி வுட்டான். டமால்! அந்த பெரிய கேரியர் பொக பொகயா வுட்டுகினு தண்ணிக்குள்ள போச்சு. எபி மூஞ்சில ஒரு மாசத்துக்கு அப்பறம் சிரிப்பு.

அண்ணன் தொடைய தட்டிகினு என்ன திரும்பி பாத்தாரு. அவரு மூஞ்சிலயும் சிரிப்பு, காது வரைக்கும்.

"பாத்தியா அன்பு! நான் சொல்லல? காத்துகினுதான்யா இருந்திருக்கான்!"

லேப்டாப்ப டப்புன்னு மூடி எபி கைல குடுத்தாரு. மாஸ்க்க மாட்டினாரு. "அடிடா ட்ரம்ம"ன்னாரு.