பூத்துவிட்டது என்று நம்பினோம்

கடலூரில் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் 2007-ல் மனை வாங்கி வீடு கட்டினோம். ரசாயன டிரம்களைக் கழுவிய இடம் அது என்று பிறகுதான் தெரிந்தது. தோட்டத்தில் எதை நட்டாலும் கருகிப்போகும்.

என் கணவர் விடவில்லை. மண்புழு உரம், பஞ்சகவ்யம், வேப்பம் புண்ணாக்கு என்று போட்டுக்கொண்டே இருந்தார். மறு வருஷம் செம்பருத்தி, செடி கொள்ளாமல் பூத்தது.

அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அதற்கு நல்லது என்று அந்தப் பூவைத் தினமும் கஷாயம் வைத்துக் குடித்தார். "இந்த மண்ணுல வந்ததாச்சே?" என்று கேட்டேன்.

"ஒரு சொட்டு மருந்து அடிக்காத பூவுடி. இதவிட சுத்தமா எங்க கெடைக்கும்?" என்று சிரித்தார்.

சில மாதங்களில் வாந்தி வந்தது, கால் வீங்கியது. சிதம்பரத்தில் டாக்டரிடம் காட்டினோம். சிறுநீரகம் கெட்டிருந்தது. மண்ணையும் பூக் கஷாயத்தையும் பற்றிச் சொன்னேன்.

"பூவாலதான்னு அடிச்சி சொல்ல முடியாதும்மா, தண்ணியாவும் இருக்கலாம். ஆனா உரம் போட்டா செடிதான் தேறும். மண்ணுல இருக்கற வெஷம் போயிடாது, செடிக்குள்ளயும் ஏறலாம்" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர், "நல்லாதான பூத்துச்சி?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. செடியை வெட்டவும் விடமாட்டேன் என்கிறார். அதனால் ஆடு மாடு வாய் வைக்காதபடி வேலி கட்டியிருக்கிறேன். அந்த மண்ணில் விளைந்த எதையும் நாங்கள் வாயில் வைப்பதில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண், மகளுக்குக் கஷாயம் வைக்கப் பூ கேட்டாள். காரணத்தைச் சொல்லி மறுத்தேன்.

"குடுக்க மனசில்லன்னு சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனவள், இன்னும் என்னோடு பேசவில்லை.

பேசாமலே இருக்கட்டும்.